வெளியிலிருந்து வரும் எலிகள்



மெக்கானிக்கல் படித்தவனுக்கு எலியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் விலங்குகள் வளரும் அறைகளுக்குக் காற்றோட்ட அமைப்பு வடிவமைப்பதுதான் என் தொழில்.

வெளியில் வாங்கும் எலியை நேரே உள்ளே விடமாட்டார்கள். சான்றிதழ் இருந்தாலும் தனியறையில் சில வாரம் வைத்து, ரத்தமும் எச்சமும் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார்கள். அந்த அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கணும். கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகணுமே தவிர, வெளியே வரக்கூடாது.

எலிதானே என்று நினைக்காதீங்க. ஜப்பானில் 1970-களிலும் 80-களிலும் ஆய்வுக்கூட எலிகளிடமிருந்து ஹான்டா வைரஸ் தொற்றி ஊழியர்கள் நோயில் விழுந்தார்கள். எலிகளோ பார்வைக்கு நன்றாகவே இருந்தன! அமெரிக்காவில் 1995-இல் ஒரு கூடத்தில் சுண்டெலிகளுக்கு அம்மை வந்தது. அதைக் கொண்டுவந்தது வெளியிலிருந்து வாங்கிய சுண்டெலி சீரம். ஆக, எலி மட்டுமல்ல, அதிலிருந்து எடுத்த பொருளும் விருந்தாளிதான். வாசலில் நிறுத்தி விசாரிக்கத்தான் வேண்டும்.

பணம் போதவில்லை என்றால் பலரும் முதலில் கை வைப்பது இந்தத் தனியறை மீதுதான். தம்பிகளே, நாளை உங்கள் வரைபடத்திலிருந்து அதை எடுக்கச் சொன்னால், கூண்டு கழுவுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எலி எச்சத்தின் தூசியை முதலில் சுவாசிப்பவர் பேராசிரியர் அல்லர், அவர்தான். அவருக்காக வாதாடுவதும் பொறியாளர் வேலையே.