பத்து வெள்ளிக் கணக்கு

கைத்தொலைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொடையில் தட்டிக் கைதட்டும் பின்வரிசைத் தம்பிகளே, கேளுங்கள்.

சுங்கை சிப்புட்டில் அரசியல் பேச வருகிறவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்க வேண்டும். 1948 ஜூன் 16இல் இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டார்கள். நாடே பன்னிரண்டு ஆண்டு அவசரகாலத்தில் கிடந்தது. ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1974 முதல் சாமிவேலுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்து, 2008இல் டாக்டர் ஜெயகுமாரைக் கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிய ஊரும் இதுதான். இங்கே தேநீர்க் கடையில் உட்காரும் ஒவ்வொருவரும் அரை அரசியல்வாதி. ஆகவே உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என்னைப் பழமைவாதி என்கிறார்கள். இருக்கட்டும். கோயில், குடும்பம், தமிழ்ப்பள்ளி, சேமிப்பு என்று பேசுகிறவன் பழமைவாதி என்றால் நான் பழமைவாதிதான். அதற்காகப் பழையது எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. கள்ளுக்கடையும் பழையதுதான். சம்பள நாளன்று தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் புருஷனுக்காகக் காத்து நின்ற பெண்களின் பேத்திகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பழமையை நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

நான் தூக்கிப் பிடிப்பது வேறொன்று. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்குவார். மங்கில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, ஸ்டோர் வரை நடப்பார். பட்டையில் ஒட்டிய கோட்டுப்பாலைக்கூட விடமாட்டார்; அது நிறுவைக்குப் போனால் நாலு காசு. அவர் இறந்த பிறகு சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்த ஒரு காகிதம் கிடைத்தது. திருநீறு படிந்து, மடிப்பில் கிழிந்திருந்தது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளி கட்டிய ரசீது.

தம்பிகளுக்கு இந்தக் கதை மறந்திருக்கும், சொல்கிறேன். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டு விழுந்த இடத்தில் வேலையும் போனது, லயமும் போனது. 1960இல் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி, தொழிலாளியின் காசிலேயே தோட்டங்கள் வாங்கப்பட்டன. கிராணியைப் பார்த்தால் எழுந்து நின்ற ஜனம், துரை விற்ற தோட்டத்தை வாங்கியது! இதைப் பற்றி யாராவது ஒரு படம் எடுத்தார்களா? பாட்டு ஒன்று போட்டார்களா?

படம் என்றதும் பின்வரிசை நிமிர்ந்து உட்காருகிறது. நல்லது, அங்கேயே வருகிறேன்.

2016இல் 'கபாலி' வந்தது. நம் தோட்டத்துக் கதை, நம் நாட்டிலேயே எடுத்த படம், ரஜினிகாந்த் கோட்டுப் போட்டு நடந்து வருகிறார். விமானத்தில்கூட அவர் படத்தை வரைந்தார்கள். நானும் பார்த்தேன், ரசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுக்கு முன், 2013இல், உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்கள் என்று 49 பெயர்களை வெளியிட்டது நினைவிருக்கிறதா? அதில் நம் பிள்ளைகளின் பங்கு எவ்வளவு பெரியது என்று படித்த அன்று எத்தனை வீட்டில் சோறு இறங்கியது? 04, 08, 36 என்பதெல்லாம் வாய்ப்பாடு என்று நினைக்கும் வயதிலேயே நம் பையன்களுக்கு அவை கும்பல்களின் பெயர் என்று தெரிந்திருந்தது. அந்த வீடுகளுக்குத்தான் கபாலி வந்தார்.

மலேசியத் திரையில் மட்டும் கடைசியில் எழுத்துப் போட்டு, கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று முடித்தார்கள். கொட்டகையே சிரித்தது. தணிக்கை வேண்டும் என்று சொல்கிறவன் நான், நானும் சிரித்தேன். இரண்டரை மணி நேரம் கைதட்ட வைத்துவிட்டு இரண்டு வரியில் திருத்த முடியுமா? அந்தத் தணிக்கை வீட்டில் நடக்க வேண்டியது. அப்பா செய்ய வேண்டியது. பல வீட்டில் அப்பாதான் முதல் நாள் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்.

கபாலிக்குச் சில மாதம் முன்பு சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டம் போன பிறகு நகர ஓரத்தில் வந்து விழுந்த குடும்பம், அதில் கும்பல் பக்கம் சாயும் ஒரு சிறுவன். அவ்வளவுதான் கதை. ஸ்டைல் கிடையாது, கோட்டு கிடையாது. மலாய் பேசாத படம் என்று தனிப் பிரிவில் ஒதுக்கி, பிறகு எதிர்ப்பு கிளம்பி, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று விருது வாங்கியது. இங்கே கொட்டகைக்குப் போய் அதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்... ம். எண்ணிவிட்டேன். ஒரு கை விரலே போதும்.

இப்போது புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வருவோம். 2025 டிசம்பர் 27. விஜய்யின் 'ஜன நாயகன்' பாடல் வெளியீடு. அரங்கத்தில் அரசியல் பேசக்கூடாது என்று நம் போலீஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதற்குச் சரியாக மூன்று மாதம் முன்பு, அதே 27ஆம் தேதி, தமிழ்நாட்டின் கரூரில் அவர் கட்சிக் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் செத்தார்கள். பழி யார் மீது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, அது அந்த நாட்டு விவகாரம். நான் கேட்பது நம்மவர்களை. நமக்கு அங்கே ஓட்டு இருக்கிறதா? அங்கே பஞ்சாயத்துத் தலைவரைக்கூட நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அந்த ஊர்க் கட்சிச் சண்டைக்காக இங்கே ஈப்போ புந்தோங்கில் அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள். கச்சாங் பூத்தே கடை வாசலில் என் காதாலேயே கேட்டேன், ஒருவன் சொல்கிறான், 'எங்க ஆளு வந்தா எல்லாம் மாறும்டா.' எங்கே தம்பி மாறும்? புந்தோங்கிலா?

இதை யார் ஊட்டி வளர்த்தது? நம் ஊடகம். பெயர் சொல்லாமல் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், எல்லாரையும்தான் சொல்கிறேன். அந்தக் காலப் பத்திரிகை யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' பின்னாளில் சாமிவேலு குடும்பத்தின் கைக்குப் போனது. எந்தத் தலைவர் எந்தப் பேப்பரில் சிரிப்பார், எதில் முறைப்பார் என்பது படிக்காமலே நமக்குத் தெரியும். 2012 வரை ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பயம் வேறு. ஆனால் அந்தப் பேப்பரில் ஒரு தோட்டத்துப் பையன் எழுதிய கதை வரும். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, செத்தவர் பெயர் எல்லாம் வரும். 2019 தொடக்கத்தில் 'நேசன்' நின்றபோது நாம் என்ன செய்தோம்? முகநூலில் ஒரு மெழுகுவர்த்திப் படம் போட்டோம்.

ஊடகம் பக்கம் பிரிந்ததற்கு நம் பேராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள், மாநில ஆட்சி கவிழ்ந்தது. மே 7ஆம் தேதி ஈப்போவில், சபாநாயகர் சிவகுமாரை நாற்காலியோடு சேர்த்து இழுத்துப் போனார்கள். அந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர் கணேசன். ஒரு நாற்காலி, இரண்டு தமிழர்கள், இரண்டு பக்கமும் மற்றவர்கள் நின்று வேடிக்கை. ஒரு பக்கத்துச் செய்திக்குச் சிவகுமார் குற்றவாளி, இன்னொரு பக்கத்துக்குக் கணேசன் துரோகி. சபையின் மரியாதை போனதே என்று அழுதவர்கள் யார்? என்னைப் போன்ற நாலு பழமைவாதிகள்.

அதே சிவகுமார் பத்து காஜாவிலிருந்து போய் மனிதவள அமைச்சர் ஆனார். 2023 டிசம்பரில் பதவி போனது. அமைச்சரவையில் ஒரு தமிழர்கூட இல்லை என்று அப்போது வாரக்கணக்கில் கூச்சல். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அமைச்சர் இருந்த காலத்தில் உங்கள் தெருவில் என்ன நடந்தது என்று எந்த இணையச் செய்திக்காரர் வந்து கேட்டார்? இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். அது எந்த அமைச்சின் கீழே இருக்க வேண்டும் என்றுதான் சண்டை நடந்தது. பிரதமர் துறையா, ஒற்றுமைத் துறையா? பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய ஜனத்தின் பேரப்பிள்ளைகள், பத்துக் கோடியை யார் கையால் வாங்குவது என்று அடித்துக்கொண்டோம். ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இது வசதி. கையேந்தி நிற்பவன் கணக்குக் கேட்க மாட்டான் அல்லவா?

தோட்டத்தை விட்டு நாம் வந்து பல காலம் ஆகிவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, குலை வெட்டுவது வேறு நாட்டுப் பிள்ளைகள். ஆனால் பள்ளிக்கூடம் பல இடத்தில் அங்கேயே நிற்கிறது. லயம் இல்லாத தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி மட்டும். 150க்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசாங்கம் பெயர் வைத்திருக்கிறது. சில பள்ளியில் மொத்தப் பிள்ளைகளும் ஒரே வேனில் ஏறிவிடலாம். இது செய்தி இல்லையாம். நடிகர் விமான நிலையத்தில் இறங்கியது செய்தியாம்.

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பையனைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. கோயில் நிர்வாகத் தேர்தல் என்றால் போலீஸ் வண்டி வருகிறது. தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் வழியில் சினிமாப் பாட்டு போட்ட பந்தல்களுக்கு நன்கொடை கொடுத்தது யார்? பையனா? ரசீதில் உங்கள் பெயர்தான் இருக்கிறது ஐயா. கோபப்படாதீர்கள், என் பெயரும் ஒரு வருடம் இருந்தது.

போதும், இரவாகிவிட்டது, நாளை வேலை. வெளியே போகும்போது வாசலில் ஒரு மேசை, அதில் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு நோட்டு இருக்கும். நிதி இல்லை, பயப்பட வேண்டாம். அடுத்த ஆண்டு ஏழு வயதாகும் பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தூரம்தான் பிரச்சினை என்றால் அதையும் எழுதுங்கள். வேன் ஓட்ட இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். காலை ஆறரைக்கு வண்டி எடுக்க இன்னும் ஒருவர் வேண்டும்.

பின்வரிசைத் தம்பி, உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறதா?