பிச்சாவரத்துக்கு ஒரு நாள்: காட்டுக்குப் பின்னாடி, காட்டுக்கு முன்னாடி

நம்ம எபிசோடுகளைக் கேக்குறவங்க பலபேர் சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்க்கிறவங்க. அவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. "வீட்ல அப்பா, அம்மா, அக்கா பசங்கன்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஒரு நாள் தண்ணி பக்கம் போகணும். பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் ஒத்து வரணும். எங்க போறது?"

என்னோட பதில் கடலூர் மாவட்டம். அங்க போறவங்க முதல்ல நினைக்கிறது கடலூர் சில்வர் பீச். தேவனாம்பட்டினம் மணல், சாயங்காலக் காத்து, சுண்டல், மாங்காய்னு எல்லாம் உண்டு. ஆனா அது திறந்த கடல். பசங்க தண்ணியில காலை நனைக்கிற வரைக்கும் பெரியவங்க கண்ணு அவங்க மேலேயே இருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஓகே, முழு நாளுக்கு தாங்காது. முழு நாள்னா இன்னும் தெற்கே போங்க. சிதம்பரத்துல இருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர்ல, கிள்ளையைத் தாண்டினா பிச்சாவரம் வந்துடும்.

வடக்கே வெள்ளாறு கடல்ல சேருது, தெற்கே கொள்ளிடம். ரெண்டுக்கும் நடுவுல ஏரி மாதிரி பரந்து கிடக்கிற உப்பங்கழி, அதுக்குள்ள அலையாத்திக் காடு, அதுக்கும் அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு, அப்புறம் வங்காள விரிகுடா. இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்கோங்க: ஊர், காடு, மணல், கடல். இன்னைக்கு நான் பேசப்போறது முழுக்க இந்த வரிசையைப் பத்திதான்.

படகுத்துறையில துடுப்புப் படகும் இருக்கு, மோட்டார் படகும் இருக்கு. குடும்பமாப் போனா கண்டிப்பா துடுப்புப் படகுதான். மோட்டார் படகு அகலமான தண்ணியில சத்தம் போட்டுக்கிட்டுப் போய்த் திரும்பிடும். துடுப்புப் படகுதான் குறுகலான கால்வாய்க்குள்ள நுழையும். ரெண்டு பக்கமும் வேர், தலைக்கு மேல கிளை, வெயில் ஓட்டை ஓட்டையா விழும். எம்.ஜி.ஆர். நடிச்ச 'இதயக்கனி' 1975-ல வந்தது, அதுக்கு இங்கதான் ஷூட்டிங் நடந்ததுன்னு அப்பா தலைமுறை ஆளுங்க படகு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க. விடுங்க, அவங்களுக்கும் ஒரு நாள் வேணும்.

பசங்களுக்குக் காட்ட வேண்டியது மூணு மரம். கால் பரப்பி நிக்கிற மாதிரி வேர் விட்டிருக்கிறது சுரபுன்னை. இதோட விதை மரத்துல இருக்கும்போதே முளைச்சு, நீளமான முருங்கைக்காய் மாதிரி தொங்கி, கீழ சேத்துல செங்குத்தா விழுந்து நட்டுக்கும். ரெண்டாவது வெண்கண்டல். சுத்தி பென்சில் நட்டு வெச்ச மாதிரி சேத்துல இருந்து குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு இருக்கே, அது இதோட மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து கிடையாது, அதான் வேரே வெளிய வந்து மூச்சு விடுது. இதோட இலை உள்ள வந்த உப்பை வெளிய கக்கும், உத்துப் பாத்தா சின்னச் சின்ன உப்புப் பொடி தெரியும். எங்க அக்கா பொண்ணுக்கு எட்டு வயசு. இலையில உப்பைப் பார்த்ததும் "மாமா, மரம் வேர்க்குது"ன்னா. அதைவிட நல்ல விளக்கம் என்கிட்ட இல்ல.

மூணாவது மரத்தை மட்டும் தொட விடாதீங்க. அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அதுதான் தில்லை. ஆமா, சிதம்பரத்தோட பழைய பேரே அந்தத் தில்லைதான், நடராஜர் கோயிலோட தலமரமும் அதுதான். இன்னைக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்னு பார்த்தா ஒரு தில்லை மரம்கூட கண்ணுல படாது. ஊருக்குப் பேர் கொடுத்த மரத்தைப் பார்க்க ஊரை விட்டு 15 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கு.

இந்தக் காடும் அப்படியே காலங்காலமா பத்திரமா இருந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. வெள்ளைக்காரன் காலத்துலயும் அதுக்கு அப்புறம் கொஞ்ச காலமும் பகுதி பகுதியாப் பிரிச்சு, ஒரு பகுதியில இருக்கிற மரத்தை மொத்தமா வெட்டுற முறை இருந்தது. மரம் போனதும் சேத்து மேல நேரடியா வெயில் அடிச்சது. ஈரம் வத்தி, தரை அமுங்கி, பள்ளமாச்சு. ஓதம் ஏறும்போது உள்ள வந்த கடல் தண்ணி திரும்பி வெளிய போகாம அந்தப் பள்ளத்துல தேங்கி, வெயில்ல வத்தி, உப்பை மட்டும் விட்டுட்டுப் போச்சு. அப்புறம் அங்க செடி வெச்சாலும் பிழைக்கல. நம்ம பாஷையில சொன்னா, செடியை மாத்தி மாத்தி டிப்ளாய் பண்ணி பிரயோஜனம் இல்ல, கீழ இருக்கிற பிளாட்பாரமே கெட்டுப்போச்சு.

இதைச் சரி பண்ணின விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1990-கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களோட சேர்ந்து, மீன் முள்ளு வடிவத்துல கால்வாய் வெட்டினாங்க. நடுவுல பெரிய கால்வாய், ரெண்டு பக்கமும் சாய்வா சின்னக் கால்வாய்கள். ஓதத்துக்கு உள்ள வந்த தண்ணி, வந்த வழியே வெளிய போச்சு. போகும்போது உப்பையும் கழுவிக்கிட்டுப் போச்சு. அதுக்கு அப்புறம் கரையோரமா நட்டாங்க, பிழைச்சுது. முதல்ல தண்ணிக்கு வழி, அப்புறம்தான் மரம். 2022-ல பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்தது, பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். அதுக்குப் பின்னாடி இந்த மண்வெட்டி வேலைக்கும் பங்கு இருக்கு.

சரி, இப்போ மணல் திட்டுக்கு வருவோம். காட்டைத் தாண்டி கடல் ஓரமா இருக்கிற எம்.ஜி.ஆர். திட்டு. ஒரு பக்கம் அசையாத உப்பங்கழி, இன்னொரு பக்கம் அலை. பார்க்க அவ்வளவு அழகு. நாங்க போனப்போ அக்கா பொண்ணு கொஞ்ச நேரம் சுத்திப் பார்த்துட்டு, "மாமா, இவ்ளோ நல்ல இடத்துல ஏன் யாருமே வீடு கட்டல?"ன்னு கேட்டா. அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் துடுப்பு போட்ட அண்ணனைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார்: "கட்டியிருந்தாங்க பாப்பா."

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600-க்கும் மேல பேர் இறந்தாங்க. அந்தத் திட்டுல இருந்த மீனவக் குப்பம் அழிஞ்சது, மிஞ்சினவங்களை உள்பக்கமா வேற இடத்துக்குக் குடியேத்தினாங்க. அதே நேரம், காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்கள் பெரிய சேதம் இல்லாம தப்பிச்சுது. 2005-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஒரு ஆய்வு கடலூர் மாவட்டக் கடற்கரையை வெச்சுத்தான் இதைச் சொன்னது: காட்டுக்கு முன்னாடி கடலோரமா இருந்த ஊர்கள் அழிஞ்சுது, பின்னாடி இருந்தது பிழைச்சுது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குப்பங்களோட கணக்கை எடுத்து இதே மாதிரி முடிவுக்கு வந்தாங்க.

இங்க இன்ஜினியர் மூளை கொஞ்சம் மூக்கை நுழைக்கும். அடுத்த வருஷமே வேற ஆய்வாளர்கள் அதே 18 குப்பத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. காட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஊர், கடல்ல இருந்து தூரமாவும் இருக்கு, பெரும்பாலும் மேடாவும் இருக்கு. அப்போ காப்பாத்தினது மரமா, தூரமா, மேடா? தூரத்தையும் உயரத்தையும் கழிச்சுட்டா மரத்தோட பங்கு ரொம்பச் சின்னதுன்னாங்க. இன்னொரு குழு, இல்ல, மரத்துக்கும் பங்கு இருக்குன்னு மறுபடி கணக்கு போட்டுக் காட்டினாங்க. என் கருத்து என்னன்னா, மரம் அலையோட வேகத்தைக் குறைக்கும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா "அலையாத்தி நட்டாச்சு, இனி கடலோரமா எதை வேணும்னாலும் கட்டலாம்"னு யாராவது கிளம்பினா, அவங்களை இந்தத் திட்டுக்குத்தான் கூட்டிக்கிட்டு வரணும். காடு இங்க அன்னைக்கும் இருந்தது. ஆனா குப்பம் அதுக்கு முன்னாடி இருந்தது.

பாப்பாகிட்ட இவ்வளவும் சொல்லல. வீடு இருந்ததுன்னு சொன்னோம், பெரிய அலை வந்ததுன்னு சொன்னோம், காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க தப்பிச்சாங்கன்னு சொன்னோம். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவுலயும், "இப்போ நாம காட்டுக்குப் பின்னாடியா முன்னாடியா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. பிக்னிக்ல இதெல்லாம் எதுக்குன்னு சில பேர் கேப்பீங்க. எட்டு வயசுக்கு இது தாங்கும்னுதான் எனக்குத் தோணுது. கடலோரத்துல வாழுற பசங்க இதை அஞ்சு வயசுலயே தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

இப்போ கடகடன்னு வேலைக்கு ஆகுற விஷயங்கள். காலையில சீக்கிரமே படகு ஏறிடுங்க, பத்து பதினொண்ணுக்கு மேல கழி நடுவுல வெயில் பிளக்கும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பறவைகள் நிறைய. திட்டு வரைக்கும் போக அன்னைக்கு அனுமதி இருக்கா, தண்ணி மட்டம் ஒத்து வருமான்னு படகுத்துறையிலயே கேட்டுக்கோங்க. கழியில பல இடத்துல ஆழம் குறைச்சல்தான், ஆனா கீழ சேறு. "இடுப்பளவுதானே"ன்னு யாரையும் இறங்க விடாதீங்க. சிப்ஸ் பாக்கெட்டைத் திரும்பக் கொண்டு வாங்க, அந்தத் தண்ணியில இருளர் மக்கள் கையால தடவி இறால் பிடிக்கிறாங்க, நம்ம பிளாஸ்டிக் அவங்க கையிலதான் மாட்டும். நடராஜர் கோயிலை மதியம் சாத்திடுவாங்க, அதனால முதல்ல படகு, சாயங்காலம் கோயில். மாத்திப் போட்டா ரெண்டும் பாதிதான் கிடைக்கும்.

மூட்டு வலி இருக்கிற அம்மாவைப் படகுல ஏத்த முடியுமான்னு ஒருத்தர் மெசேஜ் பண்ணியிருந்தார். எங்க அம்மாவுக்கும் அதே பிரச்சனைதான். படிக்கட்டுல இருந்து படகுக்குக் கால் வைக்கிற அந்த ஒரு எட்டுதான் கஷ்டம். முன்னாடியே சொல்லிட்டா ரெண்டு பேர் கை கொடுத்து இறக்கிடுவாங்க, நடுப் பலகையில உட்கார வைங்க. ஒரு குஷன் எடுத்துக்கிட்டுப் போங்க, பலகை கட்டைதான்.