பெட்டி சுமந்த ராஜாக்கள்



நாடகக் கலையின் மகத்துவத்தைப் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறார்கள். அதற்குத் தகுந்த வித்துவான்கள் இந்த மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். ஆகையால், வருகிற கப்பலையும் போகிற கப்பலையும் பார்த்தே வளர்ந்த துறைமுகத்துப் பிள்ளைக்குரிய புத்தியோடு, அந்தக் கலை எவ்வழியாக நம்மிடம் வந்து இறங்கியது, அதைச் சுமந்து வந்தவர்கள் எங்கே உண்டு எங்கே உறங்கினார்கள் என்பதை மட்டும் சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், தமிழகத்து நடிகருக்கு இலங்கை என்பது ஒரு ராத்திரிப் பிரயாணமாகச் சுருங்கிற்று. ஆனால் கோணேசர் மலையடியிலுள்ள நம்முடைய திருகோணமலைக்கு வருவது அத்தனை சுலபமாயிருக்கவில்லை. ரயில் பாதை போட்ட பிறகும், தலைமன்னாரில் ரயிலேறி, மதவாச்சி, அநுராதபுரம் என்று தெற்கே இறங்கி, மாகோவில் வண்டி மாறி, மறுபடியும் கிழக்கே திரும்பி வரவேண்டியிருந்தது. தர்பார், காடு, தெரு என்று சீலையில் தீட்டிச் சுருட்டிய படுதாக்கள், உடுப்புப் பெட்டி, முடிப் பெட்டி, மழை ஈரம் பட்டால் சுருதி கெட்டுப்போகும் ஆர்மோனியம் இவ்வளவையும் ஒவ்வொரு நிலையத்திலும் இறக்கி ஏற்றியவர்கள், இரவில் கிரீடம் தரித்த அதே ராஜபார்ட்டுகள்தாம்.

அவர்கள் ஆடிய நாடகங்கள் பலவற்றை எழுதியவர், தூத்துக்குடிச் சீமையில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்; அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். பிற்காலத்தில் கீர்த்தி பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாக அதில்தான் சேர்ந்தார்கள். அப்பிள்ளைகளுக்குக் கம்பெனி வீடே வீடு, வாத்தியாரே தகப்பன். வாதநோய் கண்டு வாக்கடங்கிய சுவாமிகள் 1922இல் காலமானதும் சொந்த ஊரிலன்று, புதுச்சேரியில்.

அவருடைய பாடல்களைப் புகழாதவர் இல்லை. ஆனால் அவர் பிரயாணிகளுக்குச் செய்த பேருபகாரத்தைச் சொல்வார் குறைவு. அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லோருக்கும் மனப்பாடமான பொதுச் சொத்தாகிவிட்டபடியால், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள், அந்திப் பொழுதில் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்தித்து, "எந்தக் கட்டை?" என்று சுருதியை மட்டும் விசாரித்துக்கொண்டு, விடியும்வரை புருஷனும் மனைவியுமாக நடிக்க முடிந்தது. ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டை ஒழுங்கற்ற வியாபாரம் என்று இகழ்ந்த பண்டிதர்கள் உண்டு. எனக்கோ, வழியே வகுத்துக் கொடுத்த இலக்கணமாக அது தோன்றுகிறது. கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாளும் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பாவும் 1926இல் இணைந்து நடித்தது எங்கே? கடல் கடந்து, கொழும்பில்!

நம் நாட்டில் அந்த நாடகம் கொட்டகைக் கூத்தாக வேரூன்றிற்று. 1924இல் பிறந்த காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்து, சுடலை காக்கும் அரிச்சந்திரன் தன் மனைவியிடமே பிணம் சுடக் கூலி கேட்கும் மயான காண்டத்தை மூவாயிரம் தடவைக்கு மேல் ஆடினார் என்பார்கள். அவருடைய சாரீரத்தையும் சாதகத்தையும் நானும் வணங்குகிறேன். ஆயினும், மயானத்துக்குத் தர்பார்ப் படுதா வேண்டாம், சிம்மாசனம் வேண்டாம், சாமான் குறைவு என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராஜ்யத்தை இழந்த ராஜாவின் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோவது எளிது.

அப்படிக் கொண்டுபோன வழிகளில் ஒன்று கிண்ணியாத் துறை; அங்கே 2009இல்தான் பாலம் வந்தது. அதற்கு முன் நாம் 'பாதை' என்று சொன்னது நிலத்திலிருந்த வழியை மாத்திரமன்று, ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடந்த மிதவையையும்தான். நான் சிறுவனாயிருந்தபோது, துறைக்கு அப்பால் ஒரு கோயில் திருவிழாவில் மயான காண்டம் பார்த்துவிட்டு, மாமாவோடு முதற் பாதைக்காகக் காத்திருந்தேன். நடிகர்களும் அங்கேயே கிடந்தார்கள். அரிச்சந்திரனாக வந்தவர், காதோரத்தில் அரிதாரம் முழுதும் கலையாமல், உடுப்புப் பெட்டியின்மேல் சுருண்டு படுத்திருந்தார். துறையடித் தேநீர்க் கடை ஆச்சி, தானும் விடிய விடிய நாடகம் பார்த்தவள், அப்போதுதான் வந்து அடுப்பை மூட்டியிருந்தாள். முதல் தேநீரை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எழுந்து மடியை அவிழ்த்துச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.

"ராத்திரி பெண்சாதியிட்டயே கால்பணம் கேட்ட மனிசன் நீங்க, நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கமாட்டன். குடியுங்க, ராசா" என்றாள் ஆச்சி.

அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். அக்கரையிலிருந்து பாதை புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. ஆர்மோனியக்காரர் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.