நாளைவரை பொறுக்காத ஆண்டவர்



மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில், தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரைக் காண்கிறோம். அன்று ஓய்வுநாள். உயிருக்குப் போராடுகிறவருக்கு ஓய்வுநாளிலும் உதவலாம் என்று யூத மறைநூல் அறிஞர்களே ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சூம்பிய கையால் அன்று யாரும் சாகப்போவதில்லை. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் முடிந்துவிடும். சில மணி நேரம் பொறுத்திருந்தால் சண்டையே வந்திருக்காது. ஆண்டவர் பொறுக்கவில்லை. அந்த மனிதரை எல்லாருக்கும் நடுவில் நிறுத்திக் குணமாக்கினார். அதற்கு என்ன விலை என்பதையும் மாற்கு உடனே சொல்லிவிடுகிறார்: பரிசேயர்கள் வெளியே போய், ஏரோதியரோடு சேர்ந்து, அவரை ஒழித்துக்கட்ட வழி தேடினார்கள். ஒருவருடைய கைக்காக ஆண்டவர் தம் உயிரையே பணயம் வைத்தார்.

பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் அறிவித்தபடி, 1993 முதல் அந்த நாளைத் திருச்சபை உலக நோயாளர் தினமாகவும் கொண்டாடி வருகிறது. அதையொட்டி இன்று நம் பிள்ளைகளின் கால்களைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நீரோடி வரை மாலை நேரத்தில் கடற்கரையோரமாக நடந்து பாருங்கள். கால்பந்து இல்லாத மணல்திட்டு இருக்காது. எனவே பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் முழங்கால் வலிக்கிறது என்றால், பந்து விளையாட்டில் எங்கோ அடிபட்டிருக்கும் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அம்மா எண்ணெய் காய்ச்சித் தடவுகிறார். வீக்கம் வற்றவில்லை. ஆசானிடம் கூட்டிப்போகிறோம். அவரும் தடவி, பற்றுப் போட்டுக் கட்டிவிடுகிறார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கட்டு. இப்படியே மூன்று மாதம் போய்விடுகிறது.

நம் மாவட்டத்தின் வர்ம ஆசான்மாரைக் குறைசொல்ல நாம் வரவில்லை. சுளுக்குக்கும் முறிவுக்கும் அவர்கள் கையை நம்பிப் பிழைத்த தலைமுறைகள் நாம். ஆனால் எந்த ஆசானுடைய விரலுக்கும் எலும்புக்குள்ளே பார்க்கும் கண் இல்லை. எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை ஆஸ்டியோசார்கோமா என்கிறார்கள். அரிதான நோய்தான். ஆனால் அது அதிகமாகத் தேடி வருவது பத்து முதல் இருபது வயது வரையுள்ள பிள்ளைகளை. அதிகமாகத் தங்குமிடம் முழங்காலைச் சுற்றியுள்ள எலும்பு. அந்தக் கட்டியை அழுத்தித் தடவினால் நோய் பரவ நாமே வழி செய்துகொடுப்பதாகிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும்.

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்? ஓய்வெடுத்தாலும் தணியாத வலி, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாரக்கணக்கில் வற்றாமல் பெருகும் வீக்கம், சின்னத் தடுமாற்றத்தில் எலும்பு முறிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் ஓர் எக்ஸ்ரே. அதில் சந்தேகம் வந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நெய்யூர் புற்றுநோய் மருத்துவமனையோ, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமோ நமக்கு எட்டாத தூரமில்லை. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியை, பிறகு அறுவை செய்யப்போகும் குழுவே செய்வது நல்லது. ஊசி போன பாதையையும் கட்டியோடு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். பாதை தவறான இடத்தில் விழுந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய கால் கைவிட்டுப் போகலாம்.

நம் தாய் தந்தையர் காலத்தில் இந்த நோய்க்கு ஒரே பதில் காலை வெட்டுவது. வெட்டியும் பயனில்லை, ஐந்து பேரில் நான்கு பேர் இறந்துபோனார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது. 1970-களில் கீமோதெரபி மருந்துகள் வந்த பிறகு நிலைமை மாறியது. இன்று, பரவுவதற்கு முன்பே வந்து, முழுச் சிகிச்சையும் பெறுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் பிழைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய கால், கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்று அறியும்போது நமக்குச் செபிக்கத்தான் தோன்றுகிறது. சில வாரங்கள் மருந்து கொடுத்துக் கட்டியை அடக்குகிறார்கள். பிறகு நோயுள்ள எலும்பை, சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையும் சேர்த்து, முழுதாக அகற்றுகிறார்கள். இரத்தக் குழாயையும் நரம்பையும் ஒதுக்கிக் காக்கிறார்கள். காலியான இடத்தில் முழங்கால் மூட்டோடு சேர்ந்த உலோக எலும்பைப் பொருத்துகிறார்கள். கட்டி எலும்புக்கு 1940-இலேயே அமெரிக்காவில் ஆஸ்டின் மூர், ஹரால்ட் போல்மன் என்ற இரு மருத்துவர்கள் இடுப்பருகே உலோகம் வைத்துப் பார்த்தார்கள். நம் மாநிலத்தில் இதற்கு முன்னோடி சென்னை மருத்துவர் மயில்வாகனன் நடராஜன். நோயாளியின் அளவுக்கேற்ற செயற்கை எலும்பை நம் நாட்டிலேயே செய்வித்துப் பொருத்தி, வெளிநாட்டு விலை கொடுக்க வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளையும் நடக்க வைத்தவர். 2007-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பணம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

உலோகம் மட்டுமல்ல, வேறு வழிகளும் உண்டு. முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பை ஒட்டி மெல்லிய எலும்பு ஒன்று ஓடுகிறது. உடலின் பாரத்தில் பெரும்பகுதியை அது தாங்குவதில்லை. அதை இரத்தக் குழாயோடு எடுத்து, இழந்த எலும்பின் இடத்தில் வைக்கிறார்கள். சில இடங்களில், வெட்டி எடுத்த அதே எலும்பைக் கதிர்வீச்சால் நோயற்றதாக்கி, அதாவது அதிலுள்ள உயிரணுக்கள் எல்லாவற்றையும் சாகடித்து, திரும்ப அதே இடத்தில் பொருத்துகிறார்கள். செத்த எலும்பைச் சுற்றி, மாதங்கள் செல்லச் செல்ல, உயிருள்ள எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்கிறது. எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கை அறுவை அரங்கிலேயே பார்க்கிறவர்கள் இந்த மருத்துவர்கள்.

“சாமி, நவநாள் செய்தால் போதாதா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. லூர்து அன்னையையே சாட்சிக்கு அழைப்போம். வித்தோரியோ மிகேலி என்ற இத்தாலியப் படைவீரருக்கு 1962-இல் இடுப்பெலும்பில் சார்கோமா கண்டார்கள். எலும்பு கரைந்துகொண்டிருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. 1963-இல் அந்தக் கட்டோடே லூர்து நகரின் நீரில் இறக்கப்பட்டார். வலி நின்றது, கரைந்த எலும்பு திரும்ப உருவானது. திருச்சபை அதை அருஞ்செயல் என்று அறிவித்தது எப்போது தெரியுமா? 1976-இல். பதின்மூன்று ஆண்டுகள் மருத்துவர்கள் படங்களையும் சோதனை முடிவுகளையும் அலசினார்கள். முன்பு எடுத்த எக்ஸ்ரேயும் பின்பு எடுத்ததும் இல்லாவிட்டால் அந்தப் புதுமையை யார் ஒத்துக்கொண்டிருப்பார்கள்? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கானோர் போய்வந்த லூர்து நகரில், திருச்சபை ஏற்ற புதுமைகள் எழுபதைச் சற்றே தாண்டியவை. லூர்தே எக்ஸ்ரே கேட்கும்போது, நாம் எக்ஸ்ரேக்குப் பதிலாக நவநாளை வைப்பது எப்படிப் பக்தியாகும்? நவநாளை நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகிற பேருந்திலும் செபமாலை சொல்லலாம்.

காப்பாற்றிய கால் பழைய கால் அல்ல. இதை ஒளிக்கக் கூடாது. உலோக மூட்டு உள்ளவர் சம்மணமிட முடியாது, முழங்காலில் நிற்க முடியாது, பந்தை உதைத்து ஓடக் கூடாது. ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுப்பதும் கடினம். கிருமி தொற்றலாம், ஆண்டுகள் கழித்து மூட்டு தளரலாம், மறுபடி அறுவை தேவைப்படலாம். வளரும் பிள்ளையானால் காலின் நீளம் குறையும். நீட்டக்கூடிய உலோகம் வைக்க வேண்டும். நோய் நரம்பையும் குழாயையும் பற்றிவிட்டால் இன்றும் காலை எடுக்கத்தான் வேண்டும். அப்படி எடுத்தவர் தோற்றவர் அல்ல, உயிரைக் காத்துக்கொண்டவர். யாபோக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் மல்லுக்கட்டி ஆசி பெற்ற யாக்கோபும் தொடைச் சந்து விலகி, நொண்டிக்கொண்டுதான் சூரிய உதயத்தில் நடந்தார்.

கடலோரப் பங்குகளில் நமக்கு ஒரு வழக்கம். ஆலயத்தில் தரையில் அமர்கிறோம். எழுந்தேற்றத்தின்போது எல்லாரும் ஒன்றாக முழங்காலில் விழுகிறோம். ஒருவன் மட்டும் நின்றால் பத்துத் தலை திரும்பும். “இளம்பிள்ளைக்கு முழந்தாளிட என்ன கஷ்டம்?” என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவன் அடுத்த ஞாயிறு வாசலுக்கு வெளியே நிற்பான். அதற்கடுத்த ஞாயிறு வரமாட்டான். கீமோவில் உதிர்ந்த முடி ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும். இந்த முணுமுணுப்பு எளிதில் ஆறாது. உடல்நலக் காரணத்தால் முழந்தாளிட முடியாதவர் நின்றபடி தாழப் பணிந்தால் போதும் என்பது திருப்பலி ஒழுங்கிலேயே உள்ளது. ஆகவே அவன் நிற்கட்டும். ஆண்டவர் அந்தச் சூம்பிய கைக்காரரையும் நடுவில்தானே நிற்க வைத்தார்.

பங்குப்பேரவையினரிடம் ஒன்று கேட்கிறோம்: ஆலயத்தின் கடைசியில் அல்ல, நடுவில், கால் நீட்டி அமர வசதியாக நான்கு நாற்காலிகள் போடுங்கள். அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் தெருவில் மூன்று வாரமாக முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். வண்டிக்குப் பணம் இல்லை என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.