கல் எடுத்த நிலத்தில் கீரை



பாலக்காட்டு எல்லையில் மனை வாங்கும் நம்மவர் சிலருக்கு வாய்ப்பது, வெட்டுக்கல் எடுத்துக் கழித்த நிலமே. மலையாளத்தார் வெட்டுக்கல் என்பதை நாம் செம்பூராங்கல் என்கிறோம். பாலக்காட்டுக்கு அண்மையிலுள்ள அங்காடிப்புரத்தில் இதனைக் கண்ட புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர், 1807-இல் வெளிவந்த நூலில் இதற்கு 'லாட்டரைட்' எனப் பெயரிட்டார். வெட்டும்போது மெதுவாகவும், காற்றுப்பட்டபின் இறுகியும் இருப்பது இதன் இயல்பு. வீடு கட்டுவோர்க்கு உவப்பான அவ்வியல்பே கீரையின் வேருக்குப் பகை. மேல்மண்ணோ போயிற்று, எஞ்சிய மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை.

இத்தகைய மண்ணில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்களை மட்டும் தூவிவிட்டு, கீரை வெளிறியதும் பொட்டலத்தைப் பழிப்பாருண்டு. வெயிலில் கிடந்து கெட்ட பொட்டலமாயின் பழிக்கலாம். மற்றபடி குற்றம் நம்முடையதே. முன்னது காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்ப்பது. பின்னது கட்டுண்ட மணிச்சத்தைக் கரைப்பது. இரண்டும் உயிர்கள். மக்கிய பொருளே அவற்றுக்கு உணவு. அடுப்பெரியாத வீட்டுக்கு விருந்தினரை அழைத்தால் அவர் என் செய்வார்?

நெய்வேலியில் 1957-இல் நிலக்கரிக்காக வெட்டத் தொடங்கியபின் குன்றுகளாய்க் குவிந்த மண்ணிலும் இக்குறையே இருந்தது. பசுந்தாள் உரம், தொழுவுரம், நுண்ணுயிர் உரம் ஆகியவற்றை ஒருங்கே இட்டே அங்குப் பயிர் விளைவித்தனர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தண்டுக்கீரைக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரமும், மேற்கூறிய நுண்ணுயிர் உரங்கள் ஒவ்வொன்றிலும் 2 கிலோவும் பரிந்துரைக்கிறது. கணக்கிட்டால், ஒரு சென்ட் நிலத்துக்கு எரு 100 கிலோ. நுண்ணுயிர் உரம் வகைக்கு 8 கிராம்! அதுவும் நல்ல நிலத்துக்கு. நம் நிலத்துக்கு எருவைக் கூட்ட வேண்டுமேயன்றிக் குறைக்கலாகாது.

முதலில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். புளிப்பு மிக்க செம்பூரா மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டும். வாளையாற்றுச் சுண்ணாம்புப் பாறை நிலத்துக்கும், சித்தூர்ப் பக்கத்துக் கரிசலுக்கும் அது வேண்டா. கீரைகள் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இலையில் சேர்த்துக்கொள்ள வல்லவை; ஆதலால் சுரங்கக் கழிவு கலந்த மண்ணாயின் அவற்றையும் சோதிக்கச் சொல்லவேண்டும். இதில் மட்டும் சிக்கனம் கூடாது. உண்ணப்போகிறவர் நம் குழந்தைகள்.

பின்னர்ச் சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதல் நலம். அது மக்கியபின் எருவிட்டு, நுண்ணுயிர் உரத்தைச் சிறிது தொழுவுரத்தில் பிசறி மாலை வேளையில் இட்டுக் கீரை விதைக்கலாம். இடுக்கியில் கருங்கல் உடைத்த சரிவாயின், இவை அனைத்துக்கும் முன்னே கல்வரப்புக் கட்டவேண்டும். இன்றேல் இட்ட எரு முதல் மழையிலேயே அடுத்தவர் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்.