போனில் வரும் அந்நியனும் பக்கத்து பெஞ்சு மாணவனும்

(புதுக்கோட்டையில் பெற்றோர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இணைய ஆபத்துகளிலிருந்து குழந்தைகளைக் காப்பது எப்படி' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். நம் பிள்ளைகளுக்கு அதிக ஆபத்து முகம் தெரியாதவர்களிடமிருந்து வருகிறதா, தெரிந்தவர்களிடமிருந்து வருகிறதா?

கேள்வி பழையதுதான். 2008இல் மைஸ்பேஸ் நிறுவனமும் அமெரிக்காவின் 49 மாநிலத் தலைமை வழக்கறிஞர்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒரு பணிக்குழு அமைந்தது. இணையத்தில் குழந்தைகளைக் குறிவைக்கும் அந்நியர்களைத் தொழில்நுட்பத்தால் தடுக்க முடியுமா என்று அது ஆராய்ந்தது. கடைசியில் அந்தக் குழு சொன்னது வேறு: இணையத்திலும் சரி, வெளியிலும் சரி, சிறார்கள் அடிக்கடி சந்திப்பது சக வயதினர் செய்யும் சீண்டலும் தொல்லையும்தான். தலைமை வழக்கறிஞர்கள் சிலருக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை. 2019இல் யுனெஸ்கோவும் ஏறக்குறைய அதையே சொன்னது. உலகில் மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்தில் பள்ளியில் சீண்டலுக்கு ஆளாகியிருக்கிறார். இணையவழிச் சீண்டல் பத்தில் ஒருவருக்கு.

அவர்கள் 'புல்லியிங்' என்கிறார்கள். நம்மிடம் அதற்குப் பெயரே இல்லை. கல்லூரியில் நடந்தால் ராகிங். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதற்குப் பிறகு, 1997இல் அதற்குச் சட்டமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்தால் "பசங்கன்னா அப்படித்தான் சார், விளையாட்டுக்குச் செய்யுறானுங்க."

அந்த விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதை நாங்குநேரியில் பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 9. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சமூக மாணவர். உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று விசாரித்த பள்ளியிடம் நடந்ததைச் சொன்னார். சொன்ன அன்றிரவே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதைப் பார்த்த அதிர்ச்சியில் உறவினரான பெரியவர் ஒருவர் உயிரிழந்தார். வெட்டியவர்கள் முகநூலில் வந்த அந்நியர்கள் அல்ல, வருகைப்பதிவேட்டில் பெயர் இருந்த பையன்கள்.

இதில் என்னை விடாமல் உறுத்துவது, அந்த மாணவர் நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார் என்பது. "எதுவானாலும் வாத்தியார்கிட்ட சொல்லு" என்கிறோம். சொன்னார். சொன்ன பிள்ளையை அன்று மாலை யார் பாதுகாக்க வேண்டும் என்று மட்டும் நாம் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. உடம்பெல்லாம் காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர், அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 எடுத்தார். எல்லோரும் பாராட்டினோம். பாராட்டுவது எளிது.

வெட்டியவர்களும் சிறார்கள்தான். அதையும் மறக்காமல் பேச வேண்டும். பதினேழு வயதுப் பையன் கைக்கு அரிவாள் எப்படி வந்தது? போனைப் பார்த்துக் கெட்டுப்போனான் என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் எல்லோரும் தப்பித்துவிடலாம். சாதிப் பெருமை பேசும் ரீல்ஸும் அரிவாளோடு வைக்கும் ஸ்டேட்டஸும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை எங்கிருந்து போனுக்குள் போயின?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்த பிறகுதான் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கிடந்தது தெரிந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் கண்டது இன்னும் இரண்டு. இறையூர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும், அம்மக்கள் அதை ஏற்க மறுத்ததும் உங்களுக்குத் தெரியும். இன்று நான் சொல்ல வருவது அந்தக் குவளையைப் பற்றி மட்டும். அப்பாவோடு டீக்கடைக்குப் போகும் எட்டு வயதுப் பையன், இரு பக்கத்துப் பையனும்தான், அங்கே ஒரு பாடம் படிக்கிறான். அதைப் படிக்க அவனுக்கு ஸ்மார்ட்போன் தேவைப்படவில்லை.

முன்பெல்லாம் மணி அடித்தால் சீண்டல் பள்ளியோடு முடிந்துவிடும், இப்போது போன் வழியாக வீட்டுக்கும் வருகிறது என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள். சேரிப் பிள்ளைகளுக்கு அது எந்தக் காலத்தில் மணியோடு முடிந்தது? 2025 மார்ச் 10 அன்று தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரை இறக்கி, விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்றது குடும்பம்.

இணைய ஆபத்து பொய் என்று நான் சொல்லவில்லை. படத்தை மார்பிங் செய்து மிரட்டுகிறார்கள், பணம் பறிக்கிறார்கள். போக்சோ சட்டம் இருக்கிறது, 1930 இருக்கிறது, 1098 இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பெண்பிள்ளை அந்த எண்ணை அழைக்க மாட்டாள். சொன்னால் முதலில் பறிபோவது அவள் போன், அடுத்து அவள் படிப்பு, அப்புறம் மாப்பிள்ளை தேட ஆரம்பிப்பார்கள். மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். "பொண்ணு போன்ல யார்கூடப் பேசுறான்னு தெரியல" என்று நாம் பதறும்போது, உண்மையில் எந்த அந்நியனுக்குப் பயப்படுகிறோம்? பல வீடுகளில் அந்த அந்நியன் என்பவன் வேறு சாதிப் பையன். அந்தக் கண்காணிப்புக்குக் குழந்தைப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து பதினாறு வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. இங்கேயும் அப்படி வேண்டும் என்கிறார்கள். பேசலாம். ஆனால் வேகத்தைக் கவனியுங்கள். சாதிக் கயிறு பற்றி 2019இலேயே பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும், தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்று அமைச்சரே ஒதுங்கிக்கொண்டார். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, சாதி அடையாளம் தீட்டிய சைக்கிள் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வகுப்பில் அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொன்னது. அகரவரிசையில் உட்கார வைக்க அரசுக்குச் செலவு ஒரு பைசா இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படி உட்கார வைக்கிறார்களா?

இதைக் கேட்கும் உரிமை உள்ள இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். இரண்டு கேள்வி போதும். இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை, ஏன்? புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை யாரோடு வீட்டுக்குப் போகும்? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசிட்டோம்" என்று யாராவது சொன்னால், அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்கலாம். போனை எப்படிப் பூட்டுவது என்பதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதைக் கடைசியாகக் கேளுங்கள்.