மலைநாட்டில் பல நாட்டு விருந்து



நுவரெலியா நகரில் ஒருவர் மாலை வேளையில் வெளியே உணவருந்தப் புறப்படுவாராயின் அவர் முன் பல வாயில்கள் திறந்திருக்கும். ஓரிடத்தில் சீன முறையிலான நூடில்ஸ். மற்றோரிடத்தில் வட இந்தியத் தந்தூரி ரொட்டி. பழைய ஓட்டல்களில் ஆங்கில முறைப்படி சூப்பும் வாட்டிய இறைச்சியும். இவற்றினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் அமைந்த அவ்வூரிலே இறாலும் நண்டும் கணவாயும் மேசைக்கு வருகின்றன. இவை எவ்வாறு மலையேறின? யாருக்காக ஏறின? இன்று அம்மேசைகளில் அமர்வோர் யாவர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டிலே மேனாட்டுச் சமையல் கால்கொண்டது ஆங்கிலேயர் காலத்தில். ஆளுநர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவின் குளிரை விரும்பி அங்கே ஒரு மாளிகை எழுப்பினார். பிற்காலத்தில் கிராண்ட் ஓட்டலாக விரிந்தது அம்மாளிகையே. 1848ஆம் ஆண்டிலே சாமுவேல் பேக்கர் என்பார் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் உயர்சாதி மாடுகளையும் கொணர்ந்து, அவ்வூரில் ஓர் ஆங்கிலப் பண்ணையை நிறுவ முற்பட்டார். அவர் ஏழாண்டுகளில் திரும்பிச் சென்றுவிட்டார். ஆயினும் குளிர்நாட்டுக் காய்கறிகள் அம்மண்ணில் வேரூன்றிவிட்டன. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1876இல் ஹில் கிளப் தோன்றியது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. ஐரோப்பியர் தங்கள் ஓடைகளில் தூண்டிலிட வேண்டுமென்று, 1880களில் டிரவுட் மீனைக்கூடக் கடல் கடந்து வருவித்து மலைநாட்டு நீரோடைகளில் விட்டனர்.

ஆகவே, அந்நாளைய விருந்து ஊரை மறப்பதற்கான விருந்தாகவே இருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தங்கள் தாயகத்தில் உண்பதுபோலவே மலையிலும் உண்ண வேண்டும் என்பது துரைமாரின் விருப்பம். அவ்விருப்பத்தை நிறைவேற்றியவர் யார்? தோட்டத்துப் பங்களாவிலே ‘அப்பு’ என அழைக்கப்பட்ட சமையற்காரர். அவர் குசினியில் நின்று புடிங் செய்தார். இறைச்சியைப் பதமறிந்து வாட்டினார். மேசையில் பரிமாறப்பட்ட பின் விலகி நின்றார். அவர் கைப்பக்குவம் புகழப்பட்டிருக்கலாம். அவருக்கு அம்மேசையில் இருக்கை இருந்ததில்லை.

இங்கே ஒரு சுவையான செய்தியையும் நோக்குதல் தகும். குசினி, மேசை, கோப்பை, பாண் ஆகிய சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. சம்பல் என்பது மலாய்ச் சொல். தேயிலையின் முதலெழுத்தாகிய ‘தே’ தென்சீனக் கரையிலிருந்து புறப்பட்டது. மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் சாயத்தண்ணீரும் உண்டுவிட்டு விடியலில் மலைக்கு ஏறும் தொழிலாளி, பல நாட்டு உணவை உண்டே புறப்படுகின்றார்! பன்னாட்டுச் சமையல் என்பது பெரிய ஓட்டலுக்கு மட்டும் உரியதொன்றன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் கடலுணவைப் பற்றிக் காண்போம். தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த முதற் தலைமுறையினர் கடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காடுவழி நடந்து மலையேறியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளிற் பலர் கடலைக் கண்ணாற் கண்டதில்லை. எனினும் கடலின் சுவை அவர்கள் லயத்து அடுப்பை விட்டு நீங்கியதே இல்லை. நெத்தலிக் கருவாடு, சுறாக் கருவாடு, மாலைதீவிலிருந்து வந்த மாசி ஆகியவையே அச்சுவையைச் சுமந்து வந்தன. உப்பும் வெயிலும் புகையுமே அக்காலத்துப் பனிக்கட்டி. சம்பள நாளன்று கடையில் வாங்கிய சிறு பொட்டலம் பல நாள் குழம்புக்கு மணமூட்டியது.

புதிய மீனின் கதை வேறு. அது கரையோரத்துச் சந்தைகளிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் பெட்டிகளில் ஏறி, பனிக்கட்டிக்கிடையே இரவோடிரவாக மலைப்பாதையில் வருகின்றது. மலையின் குளிர் மீனைக் காக்கும் என்று நம்பி ஏமாறுதல் ஆகாது. வழியில் பனிக்கட்டி குறைந்து மீன் வெம்மையுற்றால், சூரை போன்ற மீன்களில் ஒருவகை நஞ்சு உண்டாகின்றது. அதனைக் கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது. உண்டவருக்கு முகஞ் சிவத்தல், அரிப்பு, தலைவலி முதலியன தோன்றும். ஆதலால் கடலுணவை நாடுவோர், “இன்று வந்த மீன் எது?” என்று தயங்காமல் கேட்டல் வேண்டும். நேர்மையான உணவகத்தார் அவ்வினாவை வெறுப்பதில்லை.

கரையில் பிறந்த உணவும் மலையில் விளைந்த உணவும் ஒரே தட்டில் சந்திப்பதற்குச் சிறந்த சான்றாக இலங்கையின் ‘சைனீஸ்’ சாப்பாட்டைக் கூறலாம். சோற்றிலே நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும் சிறுசிறு துண்டுகளாகக் கலந்திருக்கும். பக்கத்திலே செத்தல் மிளகாய் அரைப்பு இருக்கும். கணவாயை மாவில் தோய்த்துப் பொரித்து, வெண்ணெயும் செத்தல் மிளகாயும் வெங்காயத்தாளும் சேர்த்துப் புரட்டும் ‘ஹொட் பட்டர் கணவாய்’ இந்நாட்டுச் சமையலறையிலேயே உருவான பண்டம். பெயர் ஆங்கிலம், முறை சீனம், காரம் இலங்கை. இதனை இழிவாக எண்ண வேண்டியதில்லை. வந்த உணவைத் தன் நாவுக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்வது எல்லா நாட்டாரும் செய்வதே.

இவ்வளவும் இன்பமான செய்திகள். ஆயினும், மூன்றாவது வினா எஞ்சியிருக்கின்றது. அம்மேசைகளில் அமர்வோர் யாவர்?

1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு குறைந்து மாவின் விலை ஏறியபோது, தோட்டங்களிலே மக்கள் பட்டினியால் மாண்டனர். உலகம் விரும்பிப் பருகும் தேயிலையைப் பறித்த கைகளுக்கு ரொட்டி கிடைக்கவில்லை. அந்நினைவு இன்னும் பல குடும்பங்களில் மங்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் விதிக்கப்பட்டது. பெரிய ஓட்டலில் ஒரு தட்டு இறால் ஒருநாட் கூலியை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். எனவே வெளியே உண்பது அக்குடும்பங்களுக்கு அன்றாடப் பொழுதுபோக்கன்று. பிள்ளை பரீட்சையில் தேறிய நாள், வெளிநாட்டிலிருந்து மகள் திரும்பிய நாள், ஏப்ரல் மாதத்து மலர்க்காட்சிக்கு வந்த நாள் ஆகிய சில நாட்களுக்கே உரிய விழா.

அத்தகைய ஒரு நாளில் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வரும் ஒரு தோட்டக் குடும்பத்தை நேயர்கள் மனக்கண்முன் கொணர்க. தந்தை கண்ணாடிக் கதவருகே சற்றுத் தயங்குகிறார். உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பணியாளர் அவர்களின் உடையையும் செருப்பையும் ஒருமுறை நோக்குகிறார். பட்டியலைப் படிக்கத் தெரிந்த மகள், விலையைக் கண்டு, “எனக்குப் பசியில்லை அப்பா” என்கிறாள். அக்குடும்பம் ஒன்றும் பேசாமல் எழுந்து, பஸ் நிலையத்தருகே உள்ள கடைக்குச் செல்கிறது. அங்கே தோசையும் வடையும் சூடாகக் கிடைக்கின்றன. கொத்து ரொட்டியின் ஓசை கேட்கின்றது. “வாங்க, உட்காருங்க” என்ற சொல்லும் கிடைக்கின்றது. அக்கடையில் வெளிநாட்டுப் பண்டம் குறைவு, விருந்தோம்பல் நிறைவு.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அனிச்சப்பூ முகர்ந்தால்தான் வாடும். விருந்தினரோ முகம் மாறிப் பார்த்த அளவிலேயே வாடிவிடுவர் என்பது அவர் கண்ட உண்மை. காசு கொடுத்து உண்ண வருபவர் விருந்தினர் ஆவாரா என்று சிலர் கேட்கலாம். காசு உணவுக்கு விலை. முகமலர்ச்சிக்கு விலை இல்லை. அதை எல்லாருக்கும் ஒருபடித்தாக வழங்க உணவகத்தாருக்குச் செலவு யாதொன்றும் இல்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தோட்டங்களை விட்டுத் தலைநகருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற இளைஞர் பலர் உணவகங்களின் அடுக்களைகளிலே உழைக்கின்றனர். சீனச் சோற்றைக் கிளறுபவரும், இறாலை ஓடு நீக்குபவரும், மேசையைத் துடைப்பவரும் அவர்களுள் இருக்கின்றனர். உலகச் சமையலின் நுட்பங்களை அவர்கள் கைகள் அறியும். அவர்கள் ஊர் திரும்பித் தங்கள் நகரங்களிலேயே சிறு உணவகம் திறக்கக் கடனுதவியும் பயிற்சியும் கிடைக்குமாயின், பங்களா அப்புவுக்கு மறுக்கப்பட்ட இருக்கை அவர்களின் பிள்ளைகளுக்குக் கிட்டும்.

ஆகவே உணவகத்தார் மூன்று காரியங்களைச் செய்தல் நலம். பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் விலையோடு எழுதுக. பகிர்ந்துண்ணத்தக்க சிறு அளவிலும் உணவு வழங்குக. பல நாட்டுப் பண்டங்களுக்கிடையே மலைநாட்டுக்கே உரிய ரொட்டி, சம்பல், கருவாட்டுக் குழம்பு, வல்லாரைச் சம்பல் ஆகியவற்றுக்கும் ஓரிடம் கொடுக்க. வெளிநாட்டுப் பயணியும் அவற்றைத் தேடியே வருகின்றார்.

உண்ணச் செல்வோரும் கூச்சத்தை விடுதல் வேண்டும். அறியாத பண்டத்தின் பெயரைக் கேட்பது குறையன்று. ‘இது எதனால் ஆனது, என்ன விலை’ என்று கேட்கும் உரிமை கதவைத் தாண்டி வந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. பிள்ளைகளை அவ்வாறு கேட்கப் பழக்குவதும் கல்வியே.

ஓர் உணவகத்தின் சிறப்பு, அதன் பட்டியலில் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்பதால் மட்டும் அமைவதன்று. அந்த மலையிலே கொழுந்து பறிக்கும் பெண், தன் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தோடு வந்து, நிமிர்ந்து அமர்ந்து, தான் விரும்பியதைத் தன் மொழியிலே கேட்டு உண்ண முடிகின்றதா என்பதே அதற்குரிய அளவுகோல்.